பூஜ்யத்திலிருந்து

யாராவது அந்த மாலையைக் கொஞ்சம் நேரா இழுத்துவிடக் கூடாதா, ஒரு கண்ணை மறைச்சுக்கிட்டுல்லா தொங்குது, அண்ணாச்சிக்கு எதுவும் ஒரு பக்கமாச் சாஞ்சிருந்தா ஆகாது, தராசு முள்ளு மயிரிழை விலகியிருந்தாலும் ‘இன்னொரு தடவ நிறு உலகு’ன்னு சொல்லுத மனுசன், இப்பம் படத்துக்குள்ள ஒத்தக் கண்ணோட சிரிச்சுக்கிட்டு இருக்காரு. எந்திரிச்சுப் போயி நானே சரி பண்ணலாம்னா மேடையில உக்காத்தி வச்சிருக்காங்க, எல்லாரும் பாப்பாங்க, பத்திரிகைக்காரன் வேற முன்வரிசை ஓரத்துல பென்சிலக் கடிச்சுக்கிட்டு இருக்கான். சவத்த விடு. டாக்டர் சங்கரநயினார் நினைவுக் கூட்டம், சென்னை, ஆகஸ்டு 1962ன்னு துணியில எழுதிக் கட்டியிருக்கு, வருசத்தையும் ஊரையும் எதுக்கு எழுதணும், நாளைக்கு யாராவது வந்து தோண்டிப் பாக்கப் போறானா. சாயங்காலமாகியும் வெக்க எறங்கல. தலைக்கு மேல விசிறி சுத்துத சத்தந்தான் இருக்கு, காத்தக் காணோம். எதிர்ல நாற்காலி முக்காவாசி காலி. வந்திருக்கதுல பாதிப்பேரு இந்தக் காலேஜுல அவருகிட்ட பௌதிகம் படிச்சவங்க, மிச்சப்பேரு முடிஞ்சதும் டீயும் பஜ்ஜியும் உண்டுன்னு கேள்விப்பட்டு வந்தவங்க மாதிரி இருக்கு. பிரின்ஸ்பால் என்னை ‘டாக்டர் உலகாம்பாள்’னு அறிமுகப்படுத்துனாரு. உலகம்மாள் ஐயா, தென்காசி அம்மன் பேரு, எங்க அப்பா நேந்துக்கிட்டு வச்ச பேரு. ‘நீங்கதாம்மா அவருகூடவே வேலை பாத்தவங்க, கடைசியாப் பேசுங்க, மனசத் தொடுற மாதிரி பேசுங்க’ன்னு வேற சொல்லி வச்சிருக்காரு. மனசத் தொடுற மாதிரி. நான் பாலச் சாம்பலாக்கி அதுல என்ன விஷம் இருக்குன்னு எண்ணுதவ, எனக்கு எந்த மனசத் தொடத் தெரியும். முன்வரிசையில நடுவுல சிவகாமி மதினி உக்காந்திருக்கா, அண்ணாச்சி சம்சாரம். நெத்தி வெறுமையா இருக்கு. நான் அங்க பாக்காம இருக்கப் பாக்கேன், கண்ணு அங்கதான் போகுது.

சொல்லணுமா வேண்டாமா. ஆயிரம்னு சொல்லிரலாமா. சொல்லித் தொலைச்சா என்ன. மேடையில நடு நாற்காலியில இருக்க பட்டாபிராமன் சர்க்காருக்கு விஞ்ஞான ஆலோசகர், அடுத்த வாரம் ஜெனிவாவுக்குப் போற தூதுக்குழுவுல அவரும் உண்டு, அங்க எல்லாத் தேசத்துக்காரனும் கூடி உக்காந்து அணுகுண்டுச் சோதனைய நிறுத்துறதா வேண்டாமான்னு பேசப் போறான். கூட்டத்துக்கு முன்னால பிரின்ஸ்பால் ரூம்ல என்னைத் தனியாக் கூப்பிட்டாரு. கையில காப்பி டம்ளர், குடிக்கல. ‘உலகம்மா, எனக்கு ஒரு நம்பர் குடுங்கோ. ஒரே ஒரு நம்பர். அவா வெடிக்கற குண்டால இந்தியாவுல இத்தனை கொழந்தைகள் சாகப்போறதுன்னு இருந்தா, நம்ம அறிக்கையில மொதல் பாராவுல வெச்சுடறேன், சத்தியமா வெச்சுடறேன்.’ ‘அண்ணாச்சிதான் போன வருசமே குடுத்தாரே ஐயா, பூஜ்யத்திலருந்து நாலாயிரம்னு’ன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துட்டு, சந்தோசச் சிரிப்பு இல்ல. ‘அதை வெச்சுண்டு நான் என்ன பண்ண? எதிர்த்தாப்ல இருக்கறவன் அந்தப் பூஜ்யத்தைப் பிடிச்சுண்டு தொங்குவான். ஒருத்தருமே சாகாம இருக்கலாம்னு உங்காளே எழுதியிருக்காளேம்பான். போன தடவை அப்படித்தான் சொன்னான். நான் வாயை மூடிண்டு வந்தேன்.’ அப்புறம் பக்கத்துல வந்து, குரலத் தாழ்த்தி, ‘நடுவுல, இதுக்குத்தான் சான்ஸ் ஜாஸ்தின்னு, ஆயிரம்னு ஒரு கணக்கு உங்ககிட்டயே இருக்கே, அதைச் சொல்லுங்கோ. இன்னிக்கு மேடையிலயே சொல்லிடுங்கோ. நாளைக்குப் பேப்பர்ல வரட்டும், அதை எடுத்துண்டு நான் ப்ளேன் ஏறறேன். பூஜ்யத்தை மட்டும் விட்டுடுங்கோ, போறும்.’ கெட்ட மனுசன்னு சொல்ல முடியல. அவருக்கும் பேரன் பேத்தி இருக்கு. நான் பாக்கேன் ஐயான்னு மட்டும் சொல்லிட்டு வந்துட்டேன். இப்பம் என்னையே பாக்காரு, நடு நாற்காலியிலருந்து, அப்பப்ப, கல்யாண வீட்டுல மொய் எழுதுறவன் பாக்கது மாதிரி.

பூஜ்யத்த மொதல்ல சொல்லணும், அது அண்ணாச்சி போட்ட சட்டம். எந்த அளவையும் தனியாச் சொல்லக் கூடாது, இதுலருந்து இதுவரைக்கும்னுதான் சொல்லணும், அதுலயும் நமக்கு எதிரா இருக்கத மொதல்ல சொல்லணும். ‘அவன் கண்டுபிடிச்சுச் சொன்னா நாம பொய்யன் உலகு, நாமளே சொன்னா நாம விஞ்ஞானி.’ வீட்டுலயும் அப்படித்தான். எப்பம் வருவியன்னு மதினி கேட்டா ‘ஏழு மணி, கூடக் கொறைய அரை மணி’ம்பாரு. ஒரு நாள் ரசத்துல உப்பு சரியா இருக்கான்னு கேட்டதுக்கு ‘எனக்கு ருசி தெரியிற அளவுக்குள்ள சரியா இருக்கு’ன்னாராம், மதினி கரண்டிய அப்படியே போட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டாளாம், ‘ஒரு கோட்டிக்காரனுக்குல்லா என்னையக் கட்டி வச்சுட்டாவ’ன்னு எங்கிட்ட வந்து அழுகையும் சிரிப்புமாச் சொன்னா. எனக்கும் அது ஒட்டிக்கிட்டு. காய்கறிக்காரி வெல சொன்னாக்கூட இதுல எவ்வளவு கூடக் கொறையன்னு மனசு கேக்குது. ஆனா அந்தப் பூஜ்யம் பொய்யில்லையே. குண்டு எங்கயோ வெடிக்கான், பனிக்காட்டுல ஒருத்தன், நடுக்கடல்ல ஒருத்தன், தூசி மேல போயி உலகத்தச் சுத்தி மழையில எறங்குது, புல்லுல படியுது, மாடு மேயுது, பாலுக்கு வருது, பாலக் குடிக்கிற பிள்ளையோட எலும்பு அதச் சுண்ணாம்புன்னு நெனச்சுப் பிடிச்சு வச்சுக்கிடுது. அந்தத் தூசியில இருக்க விஷத்துக்குப் பேரு ஸ்ட்ரான்ஷியம். அது வருதுன்னு தெரியும், எவ்வளவு வருதுன்னு நான் எண்ணியிருக்கேன், அம்புட்டுக் கொஞ்சம் தங்குனா கெடுதலா இல்லையான்னுதான் இந்த உலகத்துல இன்னும் ஒருத்தருக்கும் அறுதியாத் தெரியாது. கெடுதல்னுதான் நெனைக்கோம். நெனைக்கது வேற, தெரியிறது வேற. ஊர் ஊரா எனக்குப் பால் வரும், ஊட்டிப் பால், மதுரைப் பால், தென்காசிப் பால், சுண்டக் காய்ச்சி, காய வச்சு, உலையில போட்டு வெள்ளச் சாம்பலாக்கணும், பால் கருகுத வாசனை சேலையில ஏறிக்கிட்டு பஸ்ஸுல பக்கத்துல உக்காந்தவ ‘வீட்டுல பால் பொங்கிட்டாம்மா’ன்னு கேப்பா. ஆமா தாயி, தேசம் பூராப் பொங்கிட்டுன்னு சொல்ல வாய் வரும். தென்காசிப் புட்டி வந்தா மட்டும் எனக்குக் கை ஓடாது. அது எங்க அக்கா தெருவுலருந்து வருத பால், அவ பேத்தி குடிக்கிற பால். அக்கா எழுதியிருந்தா, ‘ஏட்டி, நீ ஏதோ பால்ல விஷம்னு ஆராய்ச்சி பண்ணுதியாமே, பிள்ளைக்குக் குடுக்கவா வேண்டாமா’ன்னு. குடு அக்கான்னு எழுதினேன். பால் குடுக்காட்டா நிச்சயமாக் கெடுதல், குடுத்தா ஒருவேளை கெடுதல், அதனால குடு. சரியான பதில்தான். எழுதிட்டு ரெண்டு நாளு எனக்குச் சோறு எறங்கல. அந்தப் பிள்ளை ஒவ்வொரு டம்ளரும் குடிக்கப்போ நான் அந்த ஒருவேளையக் குடுத்துக்கிட்டுல்லா இருக்கேன்.

யாரோ பேசுதாரு. அண்ணாச்சிகூட இங்க கெமிஸ்ட்ரியோ கணக்கோ நடத்துனவரு போல. ‘அன்னார் ஒரு மாபெரும் சமாதானப் புறா’ங்காரு. புறாவா. அண்ணாச்சியா. அவருக்குக் கோவம் வந்தா மேசையில இருக்கத எல்லாம் தட்டிவிடுவாரு, அப்புறம் குனிஞ்சு ஒவ்வொண்ணாப் பொறுக்குவாரு. ரயில்ல டெல்லிக்குப் போறப்ப ஒரு தடவதான் எங்கிட்ட இந்த வேலைக்கு ஏன் வந்தாருங்கதச் சொன்னாரு, விஜயவாடா தாண்டி, பொட்டணத்துல இருந்த புளியோதரையச் சாப்பிட்டுக்கிட்டே. யுத்தத்தப்போ இங்கிலாந்துல ஒரு ஆராய்ச்சிக்கூடத்துல இருந்தாராம், ஏதோ உலோகத்துக்குள்ள நியூட்ரான் எப்படி ஓடுதுன்னு அளக்கிற வேலை, எதுக்குன்னு யாரும் சொல்லல, இவரும் கேக்கல, ‘கணக்கு அவ்வளவு அழகா இருந்துச்சு உலகு’ங்காரு. அப்புறம் ஹிரோஷிமா. பேப்பரப் பாத்துட்டுத் தெருவுலயே உக்காந்துட்டாராம். ‘நான் போட்ட கணக்கு அதுக்குள்ள போச்சா போகலையான்னு இன்னைக்கு வரைக்கும் யாரும் சொல்லல. போகாமலும் இருந்திருக்கலாம். எம் பங்கு பூஜ்யமா இருக்கலாம்.’ வெளிய பாத்துக்கிட்டே இருந்தாரு. ‘அந்தப் பூஜ்யத்துக்குள்ள போயி ஒளிஞ்சுக்கிட எனக்கு இஷ்டமில்ல.’ அவ்வளவுதான், கையக் கழுவிட்டு வந்து படுத்துட்டாரு. கப்பலேறி ஊருக்கு வந்த நாள்லருந்து அவருக்குக் குண்ட நிறுத்தச் சொல்லுத இதே வேலை. மெட்ராஸ்லயும் பெங்களூர்லயும் கல்கத்தாவுலயும் இருந்து நாலஞ்சு பேரச் சேத்துக்கிட்டாரு. அதுல நான் ஒருத்திதான் பொம்பள, என்னைய எல்லாரும் டைப் அடிக்க வந்தவன்னு நெனச்சாங்க. வெளிநாட்டுல ஒரு ஏரிக்கரையில மகாநாடு, குண்டு செஞ்ச தேசத்து ஆளுகளே வந்திருந்தாங்களாம், பகல் பூரா ஒரே வாக்கியத்துக்குச் சண்டையாம், ‘கூடாது’ன்னு போடுறதா ‘விரும்பத்தக்கதல்ல’ன்னு போடுறதான்னு. சாயங்காலம் அவனவன் பர்ஸுலருந்து பிள்ளைக படத்த எடுத்துக் காட்டுவானாம். ஒருத்தன் குலுங்கிக் குலுங்கி அழுதானாம். அப்புறம் ஊருக்குப் போயி அவனவன் வேலைக்குப் போயிட்டான், முந்துனதவிடப் பெரிய குண்டு வந்துச்சு. டெல்லியில ஒரு மந்திரி, நல்லாத்தான் வரவேத்தாரு, முந்திரிப்பருப்பு வச்சாரு, பேச்சுக்கு ‘உங்க பக்கம் மழையெல்லாம் எப்படி’ன்னாரு. அண்ணாச்சி மழையில என்ன இருக்குன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாரு, மாசவாரியா, ஊர்வாரியா, கூடக் கொறையவோட. நான் அவரு காலத் தட்டுதேன், தட்டுதேன், மனுசன் நிறுத்தணுமே. மந்திரி கடிகாரத்தப் பாத்தாரு. வெளிய வந்து படியில நின்னுக்கிட்டு ‘நல்லாக் கேட்டாரு, இல்லையா உலகு’ங்காரு. ஆமா அண்ணாச்சின்னேன்.

இப்பம் பட்டாபிராமன் எந்திரிச்சுட்டாரு. மைக்க ரெண்டு தட்டுத் தட்டுதாரு. மேடைக்குன்னு வேற தமிழ் வச்சிருக்காரு, ‘நண்பர் சங்கரநயினார் அவர்கள் மிகைப்படுத்தி அறியாதவர். தம் கட்சிக்குப் பாதகமான உண்மையையும் மறைத்தறியாதவர்’னு சொல்லிட்டு ஒரு கணம் நிறுத்தி என் பக்கம் திரும்புதாரு, ‘அவருடைய பணியைத் தொடரும் அம்மையார் இன்று நம்மிடையே ஒரு முக்கியமான செய்தியைச் சொல்ல இருக்கிறார்.’ பத்திரிகைக்காரன் பென்சில வாயிலருந்து எடுத்துட்டான். ஐயோ, என்ன மனுசன் இவரு, நான் பாக்கேன்னு தானே சொன்னேன். சொல்லிரு உலகு. ஆயிரம். ஒரே ஒரு சொல்லு. அதுவும் பொய்யில்லையே, நடுக்கணக்கு, நீயே போட்டது. பூஜ்யத்தச் சொல்லாம விடுறது பொய்யா. வீடு தீப்பிடிக்கப்போ அணைஞ்சாலும் அணையலாம்னா சொல்லுவோம். பூஜ்யமும் நாலாயிரமும்னு சொல்லிச் சொல்லித்தானே இத்தன வருசம் போச்சு, அதுக்குள்ள எத்தன மழை பெஞ்சுட்டு. எதிர்ப்பக்கத்துக்காரன் இப்படியா யோசிக்கான், அவன் ஆபத்தே இல்லைன்னு நெஞ்ச நிமித்திச் சொல்லுதான், அவனுக்கு ஒரு கூடக் கொறையவும் கெடையாது. நாம மட்டும் ஏன் நம்ம கையாலயே அவனுக்குக் கத்தியத் தூக்கிக் குடுக்கணும். ஆயிரம்னு சொன்னா ஜெனிவாவுல மொதல் பாரா. அந்த மொதல் பாராவக் கேட்டு ஒருத்தன் ஒரு நிமிசம் யோசிச்சான்னா. ஒரு குண்டு கொறைஞ்சா. தென்காசியில ஒரு மழை சுத்தமாப் பெஞ்சா. ஆனா நாளைக்கே ஒருத்தன் எந்திரிச்சு, அம்மா, இந்த ஆயிரத்துக்கு என்ன ஆதாரம், உங்க அண்ணாச்சி பூஜ்யம்னு எழுதியிருக்காரே, எது பொய், அவரா நீங்களான்னு கேட்டா? அப்பம் நான் செத்தவரப் பொய்யன் ஆக்கணும், இல்ல நான் ஆகணும். அப்புறம் நான் எண்ணுன ஒரு சாம்பலையும் எவனும் நம்ப மாட்டான். பயமா இருக்கு. இது நேர்மையா, பயமா, ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாமப் போச்சே எனக்கு. அண்ணாச்சி இருந்தா என்ன சொல்லுவாருன்னு நெனைக்கவே வேண்டாம், என்ன சொல்லுவாருன்னு தெரியும். அதுதான் கோவமா வருது. செத்தும் என்னைய விட மாட்டேங்காரு. மதினி முந்தானையால முகத்தத் தொடைக்கா, வேர்வையா அழுகையான்னு இங்கருந்து தெரியல. முடிவு பண்ணிட்டேன். ஆயிரம். சொல்லிரப் போறேன். நீரு ஒத்தக் கண்ண வேணும்னா மூடிக்கிடும் அண்ணாச்சி, இன்னைக்கு ஒரு நாள் நான் எம் புத்திக்கு நடந்துக்கிடுதேன்.

பேரக் கூப்பிட்டாச்சு, இந்தத் தடவையும் உலகாம்பாள்தான். மைக்குக்கிட்ட வந்துட்டேன், அது எம் மூக்குக்கு மேல நிக்குது, யாரோ ஓடி வந்து எறக்கி விடுதாங்க. வணக்கம் சொன்னேன். அண்ணாச்சி நல்லவர்னு சொன்னேன், கோவக்காரர்னும் சொன்னேன், பின்னால ரெண்டு பழைய மாணவங்க சிரிச்சாங்க, அது கொஞ்சம் தெம்பா இருந்துச்சு. அவரு கடைசி வரைக்கும் பாத்த வேலை என்னன்னு சொன்னேன், மழை, புல்லு, மாடு, பாலு, எலும்பு. விசிறிச் சத்தம் மட்டும். பட்டாபிராமன் முன்னால சாஞ்சு உக்காந்துட்டாரு. இப்பம். சொல்லு. ‘இதுவரை வெடித்த குண்டுகளால் நம் தேசத்தில் எலும்பு நோயால் இறக்கக்கூடிய குழந்தைகளின் எண்ணிக்கை’ன்னு ஆரம்பிச்சேன், நல்லாத்தான் வந்துச்சு, குரல் நடுங்கல, அடுத்த சொல்லு ஆயிரம், நாக்கு நுனியில இருக்கு, வாயத் தொறந்தா, ‘பூஜ்யத்திலிருந்து’ன்னு வருது. நான் சொல்லல. என் வாய் சொன்னுச்சு. ‘பூஜ்யத்திலிருந்து நாலாயிரம் வரை’ன்னு அது பாட்டுக்குச் சொல்லி முடிச்சுட்டு. பழகுன வண்டிமாடு, ஓட்டுறவன் தூங்குனாலும் வீட்டுக்குத்தானே போகும். திரும்பச் சொல்லலாம், திருத்திச் சொல்லலாம், ‘அதாவது ஏறக்குறைய ஆயிரம்’னு ஒரு வார்த்தை போதும், ஆனா பூஜ்யம் வெளிய வந்துட்டு, எல்லாருக்கும் கேட்டுட்டு, இனி அது இல்லைன்னு சொல்ல எந்த மொழியிலயும் வழி இல்ல. பத்திரிகைக்காரன் பென்சிலச் சட்டைப் பையில சொருகிக்கிட்டான். பட்டாபிராமன் பின்னால சாஞ்சு கண்ண மூடிக்கிட்டாரு. அவ்வளவுதான். இன்னும் என்னமோ பேசுனேன், கை தட்டுனாங்க, நாற்காலிகள இழுக்கிற சத்தம் வந்துச்சு. எறங்குறப்ப பட்டாபிராமன் பக்கத்துல வந்தாரு, கோவப்படுவாருன்னு நெனச்சேன், படல. ‘சங்கரநயினார் கையில பழகினவா வேற எப்படிப் பேசுவா. தப்பு என்னோடது’ன்னாரு. ‘நான் போயிட்டு வரேம்மா. அங்க ஏதாவது சொல்லிப் பாக்கறேன்.’ அவரு முதுகு கூனியிருக்கத இன்னைக்குத்தான் பாத்தேன். ஒரு சொல்லு உலகு. ஒரே ஒரு சொல்லு. இத்தன வருசத்துல ஒரு கதவு கொஞ்சம் தெறந்துச்சு, அதையும் நீயே சாத்திட்டியே மூதேவி.

வெளிய வந்தா வராந்தாவுல பஜ்ஜி வாசனை, சனம் தட்டோட நிக்குது, எனக்கு எங்கயாவது ஓடிப்போனாப் போதும்னு இருக்கு. மதினி என் கையப் பிடிச்சுக்கிட்டா. அவ தம்பி கார எடுத்துட்டு வரப் போயிருக்காரு, வாசப்படிக்குப் பக்கத்துல தூணோரமா நாங்க ரெண்டு பேருதான். அவ கை சில்லுன்னு இருந்துச்சு. நல்லாப் பேசுன உலகுன்னா. அப்புறம் ரோட்டப் பாத்துக்கிட்டே, ‘உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்ட்டி, மறைக்காமச் சொல்லணும்’னா. சொல்லுங்க மதினி. ‘எனக்குப் பிள்ளையும் இல்ல குட்டியும் இல்ல. ஒரு தீவாளிக்கு அவிய வீட்டுல இருந்தாவளா, ஊர் ஊராப் போனாவ, தேசம் தேசமாப் போனாவ, மந்திரி வாசல்ல எல்லாம் போயி நின்னாவ. அதனால ஒரு குண்டாவது வெடிக்காம நின்னுதா?’ அவ என் கைய விடல. ‘ஆசுபத்திரியில அவியகிட்டயே கேட்டேன். மூச்சு வாங்குது, அந்த நெலைமையிலயும் யோசிச்சுல்லா பாக்காவ. தெரியாது சிவகாமி, ஒண்ணுகூட இல்லாம இருக்கலாம்னு சொல்லிட்டாவ. அதுக்கப்புறம் அவிய பேசவே இல்ல.’ அவ கண்ணு என் மேலயே இருக்கு. வெடிச்ச குண்டு மழையில வரும், பால்ல வரும், எனக்கு எண்ணத் தெரியும். வெடிக்காத குண்டு எதுல வரும். எந்தச் சாம்பல்ல தேட. இதுக்கும் ஒரே பதில்தான் உண்டு, அவரு சொன்ன அதே பதில், அத நான் இப்பம் உள்ள அத்தன பேருக்கு முன்னால நின்னு சொல்லிட்டு வந்திருக்கேன், தேசத்துக்கே சொன்னவ இவளுக்குச் சொல்லக் கூடாதா. ‘நின்னுது மதினி’ன்னேன். எங்கருந்து வந்துச்சுன்னு தெரியல. அவ வாய் கோணிக்கிட்டு, அழுகைய அடக்குதா. ‘நெசமா? எத்தன?’ ‘மூணு.’ ‘மூணா.’ ‘மூணு மதினி.’ அவ அப்படியே என் தோள்ல சாஞ்சுக்கிட்டா, சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதா, எனக்கும் அழுகை வந்துட்டு, சுத்தி நின்னவங்க பாத்துட்டு மரியாதையாத் திரும்பிக்கிட்டாங்க. கார் வந்து நின்னுச்சு. ஏறி உக்காந்ததும் அவ கண்ணத் தொடைச்சுக்கிட்டு முன்னால இருந்த தம்பிகிட்ட சொல்லுதா, குரலு எனக்கு நல்லாக் கேக்குது, ‘கேட்டியாடே, உங்க அத்தானால மூணு குண்டு நின்னிருக்காம். உலகு சொல்லுதா. அவ சும்மா சொல்ல மாட்டா, எண்ணிச் சொல்லுதவ.’ அவரு சன்னல் வழியா என்னைப் பாத்தாரு, நெசந்தானான்னு கேக்கது மாதிரி. கார் கெளம்புத வரைக்கும் நான் தலைய ஆட்டிக்கிட்டே நின்னேன்.